கணினியில் 'சி டிரைவ்' ஏன் இருக்கு? உள்ளே மாற்றி, வெளியே மாற்றாத கேரி கில்டாலின் கதை

விண்டோஸ் கணினியைத் திறந்தால் முதலில் தெரிவது 'சி டிரைவ்'. அப்போ ஏ, பி எங்கே? அந்த இரண்டு எழுத்துகளும் ஃபிளாப்பி டிஸ்க்குகளுக்குப் போனவை. அடுத்து வந்த ஹார்டு டிஸ்க்குக்கு சி கிடைத்தது. ஃபிளாப்பி காணாமல் போய் பல வருஷம் ஆச்சு. ஆனாலும் சி அப்படியே இருக்கிறது. எத்தனையோ புரோகிராம்கள் அந்த எழுத்தை நம்பி எழுதப்பட்டுவிட்டன.

டிரைவுக்கு எழுத்து வைக்கும் இந்தப் பழக்கம் சிபி/எம் என்ற ஆபரேட்டிங் சிஸ்டம் வழியாகத்தான் பர்சனல் கணினிகளுக்கு வந்தது. அதை எழுதியவர் கேரி கில்டால்.

யார் இவர்?

1942 மே 19 அன்று அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பிறந்தவர். குடும்பம் மாலுமிகளுக்கான பயிற்சிப் பள்ளி நடத்தியது. 1972-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றார். கலிபோர்னியாவின் மான்டெரே நகரில் கடற்படை உயர்கல்வி நிறுவனத்தில் பாடம் எடுத்தார். இன்டெல் நிறுவனத்துக்கு ஆலோசகராகவும் இருந்தார்.

1974-ல் உருவானதுதான் சிபி/எம். மனைவி டோரதியுடன் சேர்ந்து தொடங்கிய நிறுவனம் பிறகு 'டிஜிட்டல் ரிசர்ச்' என்று பெயர் பெற்றது.

என்ன பிரச்னையைத் தீர்த்தார்?

அப்போது ஒவ்வொரு கம்பெனி கணினியும் ஒவ்வொரு மாதிரி. புது மெஷின் வந்தால் எல்லாவற்றையும் திருத்த வேண்டும். கில்டால் ஒரு வேலை செய்தார். மெஷினுக்கு மெஷின் மாறும் பகுதியை மட்டும் தனியாகப் பிரித்து, அதற்கு 'பயாஸ்' என்று பெயர் வைத்தார். புது மெஷினுக்கு அந்தச் சின்னப் பகுதியை மட்டும் எழுதினால் போதும்.

புரோகிராம்களுக்கோ வாசல் ஒன்றுதான். நினைவகத்தில் 5-ம் முகவரியை அழைக்க வேண்டும், கூடவே வேலையின் எண்ணைச் சொல்ல வேண்டும். 9 என்றால் திரையில் எழுத்து காட்டு. 15 என்றால் ஃபைலைத் திற. அவ்வளவுதான்.

வீட்டு வயரிங் மாதிரிதான் இது. சுவருக்குள்ளே வயரை எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம். ப்ளக் பாயின்ட்டை மாற்றினால் மிக்ஸி, கிரைண்டர் எதுவும் ஓடாது. ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னலுக்கும் புரோகிராம்களுக்கும் நடுவில் இருக்கும் ப்ளக் பாயின்ட்தான் இந்த எண்கள்.

மாற்றம் வந்தபோது என்ன செய்தார்கள்?

1979-ல் வந்த சிபி/எம் 2.0-ல் உள்ளே நிறைய மாறியது. பெரிய டிஸ்க்குகள் வந்தன. ஃபைலின் நடுவில் எங்கே வேண்டுமானாலும் நேராகப் போய்ப் படிக்கும் வசதியும் வந்தது. ஆனால் பழைய வேலைகளின் எண்களைக் கலைக்கவில்லை. புது வசதிக்கு 33, 34 எனப் புது எண்கள் கொடுத்தார்கள். ஃபைல் விவரம் வைக்கும் 33 பைட் பகுதிக்கும் அதே கதைதான். உள்ளே கை வைக்காமல், கடைசியில் 3 பைட் மட்டும் சேர்த்தார்கள். பழைய புரோகிராம்களுக்கு அந்த 3 பைட் தேவையே இல்லை.

இன்னொரு விஷயம் 12-ம் எண். முன்பு அது டிஸ்க்கைப் படிக்கும் ஹெட்டை உயர்த்துவதற்கு இருந்தது. 2.0-ல் அதே எண், எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று பதில் சொல்ல ஆரம்பித்தது. பழைய சிஸ்டத்தில் கேட்டால் பூஜ்யம் வரும். அதனால் ஒரே புரோகிராம், கேட்டுத் தெரிந்துகொண்டு இரண்டிலும் ஓட முடிந்தது.

இதே பலம் எப்படி பாதகமானது?

நிலையான வாசலை நம்பி வேர்டுஸ்டார் போன்ற புரோகிராம்கள் குவிந்தன. சிபி/எம்மின் உண்மையான சொத்தே அவைதான். ஆனால் அந்த வாசலின் அமைப்பு கையேட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று.

1980-ல் சியாட்டிலில் டிம் பேட்டர்சன் என்பவர் இன்டெல்லின் புதிய 8086 சிப்புக்கு ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதினார். சிபி/எம் புரோகிராம்கள் சுலபமாக மாறி வர வேண்டும் என்பது அவர் திட்டம். அதனால் அதே வேலை எண்களை வைத்தார். எழுத்து முடிவதைக் காட்ட கில்டால் டாலர் குறி வைத்திருந்தார், அதுவும் அப்படியே வந்தது. 5-ம் முகவரி அழைப்பும் வேலை செய்தது. உள்ளே ஃபைல்களைக் கையாளும் முறை மட்டும் வேறு.

அதே வருஷம் தன் புதிய பர்சனல் கணினிக்காக ஐபிஎம் கில்டாலின் நிறுவனத்தைத் தேடி வந்தது. ஒப்பந்தம் கைகூடவில்லை. அன்று அவர் ஜாலியாக விமானம் ஓட்டப் போய்விட்டார் என்ற கதை இன்றும் சுற்றுகிறது. அது தொழில் விஷயமான பயணம் என்றே கில்டால் தரப்பு சொன்னது. வாய்ப்பு மைக்ரோசாஃப்ட்டுக்குப் போனது. அது பேட்டர்சனின் சிஸ்டத்தை வாங்கி எம்எஸ்-டாஸ் ஆக்கியது.

கில்டாலின் சிபி/எம்-86 பதிப்பையும் ஐபிஎம் விற்றது. ஆனால் விலை 240 டாலர். டாஸ் விலை 40 டாலர். தெரிந்த புரோகிராம்கள் டாஸிலும் கிடைக்கும் என்றால் எதற்கு ஆறு மடங்கு காசு? ஒரு சிஸ்டத்திலிருந்து அடுத்த பதிப்புக்கு மாறுவதை எளிதாக்கிய அதே வாசல், போட்டியாளரிடம் போவதையும் எளிதாக்கிவிட்டது.

பிறகு என்ன ஆச்சு?

1988-ல் டிஜிட்டல் ரிசர்ச் 'டிஆர் டாஸ்' கொண்டுவந்தது. இப்போது நிலைமை தலைகீழ். டாஸுக்கு எழுதப்பட்ட புரோகிராம்கள் உடையாமல் ஓட வேண்டும் என்று கில்டாலின் நிறுவனம் மைக்ரோசாஃப்ட்டின் வாசலை ஒட்டி எழுத வேண்டியிருந்தது. அதன் அடித்தளமோ கில்டால் போட்ட எண்கள். 1991-ல் நாவெல் நிறுவனம் டிஜிட்டல் ரிசர்ச்சை வாங்கியது.

1994 ஜூலையில் மான்டெரேயில் ஒரு பாரில் கில்டாலின் தலையில் அடிபட்டது. மூன்று நாள் கழித்து, ஜூலை 11 அன்று, 52 வயதில் இறந்தார். 2014-ல் பசிஃபிக் குரோவ் ஊரில் அவரது பழைய அலுவலகத்தின் முன் ஐட்ரிபிள்இ அமைப்பு நினைவுப் பலகை வைத்தது.

இன்று ஆண்ட்ராய்டு போன்களுக்குள் ஓடும் லினக்ஸ் கெர்னலிலும் இதுதான் கறாரான விதி: உள்ளே எதை மாற்றினாலும், ஏற்கெனவே ஓடும் புரோகிராம் நிற்கக் கூடாது. போனில் சிஸ்டம் அப்டேட் போட்ட பிறகும் பழைய ஆப் வழக்கம்போலத் திறந்தால், அதன் பின்னால் இந்த விதிக்கும் பங்கு உண்டு.