மூவலூர் அம்மையார்

பத்து ரூபாய்! ஒரு பழஞ்சேலை! 1883-இல் பிறந்த அச்சிறுமிக்கு வறுமை வாங்கிய விலை அவ்வளவே. தாசியொருத்தியிடம் விற்கப்பட்ட அவரே நாம் போற்றும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். கிழவரை மணக்கச் சொன்னார்கள், மறுத்தார். பாட்டுக் கற்பித்த சுயம்புவை மணந்தார்.

சட்டசபையிலே முத்துலட்சுமி அம்மையார் வாதாடினார். சந்தியிலே வாதாடியவர் இவர். பொட்டுக்கட்டுவதை நிறுத்தச் சொல்லித் தம் குலத்தாரிடமே சென்றார், தோழர்களே! ஊரார் ஏச்சைவிட உறவினர் ஏச்சு சுடும், நாமறிவோம். 1929-இல் நம் செங்கற்பட்டிலே கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டுத் தீர்மானித்தது. அத்தகைய தீர்மானங்களைத் தெருவுக்குக் கொண்டுசென்ற கால்கள் அவருடையவை. 1938-இல் இந்தி எதிர்ப்புப் படையுடன் திருச்சியிலிருந்து சென்னைவரை நடந்த கால்களும் அவையே!

பொட்டுக்கட்டத் தடை 1947-இல் வந்தது. 1962-இல் அம்மையார் மறைந்தார். 2022-இல், அவர் பெயரால், கல்லூரி செல்லும் அரசுப்பள்ளிப் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரத் தொடங்கினர்.