தீவு கண்ட பவுல் லாங்கர்ஹான்ஸ்

நீரிழிவு என்னும் பெயரைக் கேளாத இல்லம் நம் மதுரை நகரிலும் அதனைச் சூழ்ந்த வைகைச் சமவெளி ஊர்களிலும் அரிது. எனினும், அந்நோயின் மூலத்தானத்தை முதன்முதல் கண்டு விவரித்தவர் இருபத்தொரு வயது மாணவர் என்பதையும், தாம் கண்டது இன்னதென அறியாமலே அவர் மறைந்தார் என்பதையும் அறிந்தோர் சிலரே. அவரே பவுல் லாங்கர்ஹான்ஸ்.

இவர் 1847-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் நாள் பெர்லின் நகரில் மருத்துவர் ஒருவரின் மைந்தராகப் பிறந்தார். யேனாவிலும் பெர்லினிலும் மருத்துவம் பயின்றார். நோய்க்கூற்றியலில் பெரும்புகழ் பெற்ற விர்ஹோ இவருக்கு ஆசிரியராக வாய்த்தார். 1869-இல் பட்டத்தின் பொருட்டு முயலின் கணையத்தை நுண்பெருக்கிக் கண்ணாடியால் ஆராய்ந்தார். செரிமான நீர் சுரக்கும் உயிரணுக்களின் நடுவே, வேறு வகையான சிற்றணுக்கள் சிறு சிறு கூட்டங்களாகக் கிடக்கக் கண்டார். அவற்றை நுணுக்கமாக விவரித்து, அவற்றின் தொழில் தமக்கு விளங்கவில்லை என்பதையும் ஒளியாது எழுதினார்.

பின்னர்ப் பிரைபர்க் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். 1874-இல் காசநோய் அவரைப் பற்றியது. பதவியைத் துறந்து, அட்லாண்டிக் கடலிலுள்ள மடீரா தீவை அடைந்தார். ஆங்கும் சோம்பியிருந்தாரில்லை, பிணியாளருக்கு மருத்துவம் புரிந்தார், கடற்புழுக்களை ஆராய்ந்தார். 1885-இல் மணம் புரிந்தார். சிறுநீரகம் பழுதுற்று, 1888 ஜூலை 20-ஆம் நாள், நாற்பத்தோராம் பிறந்தநாளுக்கு ஐந்து நாள் இருக்கையில், அத்தீவிலேயே காலமானார்.

அடுத்த ஆண்டே, கணையத்தை நீக்கிய நாய்க்கு நீரிழிவு உண்டாவதை மெரிங், மின்கோவ்ஸ்கி என்னும் இருவர் கண்டனர். 1893-இல் லாகெஸ் என்பவர் அவ்வணுக்கூட்டங்களுக்கு லாங்கர்ஹான்ஸ் தீவுகள் எனப் பெயர் சூட்டினார். 1921-இல் டொராண்டோ நகரில் பான்டிங்கும் பெஸ்டும் கணையத்தினின்றும் இன்சுலினை வடித்தெடுத்தனர்.

அத்தீவுகள் வற்றினால் நீரிழிவு. அவை கட்டியாக வளரினும் கேடே. 1927-இல் வைல்டர் என்னும் அமெரிக்க மருத்துவர், தீவணுக்களில் எழுந்த புற்றுக்கட்டி இன்சுலினை மிகுதியாகச் சுரந்து, இரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவிற்குத் தாழ்த்துவதை விளக்கினார். குளூக்ககான் என்னும் மற்றொரு நீரை மிகுதியாகச் சுரக்கும் கட்டியோ நீரிழிவையே விளைவிக்கின்றது. நரம்பணுவின் இயல்பும் சுரப்பணுவின் இயல்பும் கலந்த இத்தகைய கட்டிகள் குடலிலும் இரைப்பையிலும் தோன்றுவதுண்டு. அன்றியும், நீரிழிவுடையோரிடம் கணையக் கட்டி சற்று மிகுதியாகக் காணப்படுகிறதென இக்கால ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. எது காரணம், எது காரியம் என்பது இன்னும் முற்றும் தெளியவில்லை.

மாணவ நண்பர்களே! ஆய்வுக்கூடத்தில் நாம் காண்பன யாவும் அன்றே நமக்கு விளங்கிவிடா. கண்டதைக் கண்டவாறே எழுதி, அறியாததை அறியேன் எனல் இழுக்கன்று. அவ்வாறு எழுதிய இளைஞரொருவரின் ஏடே பிற்காலத்தில் எண்ணற்ற உயிர்களைக் காக்கும் மருந்திற்கு வழிகாட்டிற்று.