அவல நாடக அரசி சாரா சிடன்ஸ் அம்மையார்

ஆங்கில இலக்கியம் பயின்றோருள் மக்பெத் நாடகத்தை அறியாதார் இலர். 1606 ஆம் ஆண்டளவில் செகசிற்பியார் இயற்றிய அவ்வவல நாடகத்திலே, தம் மனைக்கு விருந்தினனாய் வந்த அரசனைக் கொல்லுமாறு கணவனைத் தூண்டும் பெண்ணொருத்தி வருகின்றாள். அவளது குணவியல்பை எழுதுக என வினாத்தாள் கேட்குமாயின், பேராசை கொண்டவள், இரக்கமற்றவள், கொடியவள் என மூன்று சொற்களில் விடையை முடித்து விடுவோர் பலர். அப்பெண்ணை முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தம் உடலிலும் குரலிலும் தாங்கி நின்ற ஒருவரோ அம்மூன்று சொற்களோடு அமைந்தாரல்லர். அவரே சாரா சிடன்ஸ் அம்மையார். நாடக மாந்தரை எவ்வாறு கற்றல் வேண்டும் என்பதற்கு அவர் வாழ்க்கை நல்லதோர் எடுத்துக்காட்டாதலின், அதனை ஈண்டுச் சுருக்கி உரைக்கப் புகுந்தோம்.

அம்மையார் 1755 ஆம் ஆண்டு யூலை மாதம் 5 ஆம் நாள் வேல்சு நாட்டுப் பிரெக்கன் என்னும் ஊரிலே, வழிப்போக்கர் தங்கும் விடுதி ஒன்றிற் பிறந்தார். தந்தையார் ரோஜர் கெம்பிள், ஊர்தோறும் சென்று நாடகமாடும் குழுவொன்றின் தலைவர். பன்னிரு மக்களுள் சாராவே மூத்தவர். பின்னர்ப் பெரும்புகழ் எய்திய நடிகர் ஜோன் பிலிப் கெம்பிள் அவருடைய தம்பியாவார். ஊரூராய்த் திரியும் கூத்தரை நாடோடிகளோடு ஒருங்கெண்ணும் சட்டம் நிலவிய காலம் அது. ஆதலின் மேடை வாழ்வின் வறுமையையும் இழிவையும் சாரா இளமையிலேயே அறிந்தார். குழுவிலிருந்த வில்லியம் சிடன்ஸ் என்னும் நடிகர்மீது அவர் கொண்ட காதலைப் பெற்றோர் விரும்பிலர். அதனால் வாறிக் நகருக்கு அண்மையிலுள்ள செல்வர் மனையொன்றிற் சிலகாலம் பணிப்பெண்ணாயும் இருந்தார். ஈற்றில் பெற்றோர் இசைய, 1773 இல் கொவென்றி நகரிலே திருமணம் நிகழ்ந்தது.

அவருக்கு இருபது வயதளவில் மக்பெத்தின் மனைவியாக நடிக்கும் வாய்ப்பு முதன்முதல் வந்தது. சொற்களை நெட்டுருப் பண்ணினாற் போதும், குணவியல்பை ஆராய்தல் என ஒன்று உண்டென்பதே தம் எண்ணத்தில் எழுந்ததில்லை எனப் பிற்காலத்தில் அவரே எழுதி வைத்துள்ளார். நாடகத்திற்கு முதல்நாள் இரவு, வீட்டிலுள்ளார் யாவரும் உறங்கிய பின்னர், தனியே அமர்ந்து ஏட்டைப் படிக்கலானார். கொலை நிகழும் காட்சியை அடைந்தபோது அச்சம் மேலிட்டு, மெழுகுதிரியைக் கையிலெடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறி ஓடினார். ஓடுங்கால் தம் பட்டாடை சரசரத்த ஒலியையே பேயின் ஒலியெனக் கொண்டு நடுங்கினார். அறையை அடைந்ததும் உடை மாற்றவும் துணிவின்றிக் கட்டிலில் வீழ்ந்தார். மறுநாள் அப்பாத்திரத்தை ஆயத்தமின்றியே ஆட நேர்ந்தது. அந்நாணம் காலம் தாழ்த்தும் பழக்கத்தைத் தம்மிடத்திலிருந்து அகற்றியது என்பது அவர் கூற்று.

1775 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில், காரிக் என்னும் பெருநடிகர் நடாத்திய துரூரி லேன் அரங்கிலே, வெனிசு வணிகன் நாடகத்துப் போர்சியாவாக அம்மையார் தோன்றினார். இலண்டன் மக்கள் அவரை மதித்திலர். அடுத்த ஆண்டில் அவர் வேண்டாதவராய் விலக்கப்பட்டார். பிறர் ஆயின் மேடையையே துறந்திருப்பர். அவரோ வெளியூர் அரங்குகளிலும் பாத் நகரிலுமாக ஆறாண்டு உழைத்தார். 1782 ஒக்ரோபர் 10 ஆம் நாள் மீண்டும் துரூரி லேன் மேடையேறி, சதர்ன் என்பார் இயற்றிய அவல நாடகமொன்றிலே இசபெல்லாவாக நடித்தபோது, அவையோர் கண்ணீர் வடித்தனர். அவரை ஒருகால் ஒதுக்கிய இலண்டன் நகரம் அன்று தொட்டு முப்பது ஆண்டுக் காலம் அவரையே அவல நாடகத்தின் அரசியாகக் கொண்டாடிற்று. 1784 இல் ஓவியர் ரெய்னால்ட்சு அவரை அவலக் கலையின் தெய்வமாகவே வரைந்தார்.

1785 பெப்ரவரி 2 ஆம் நாள் இலண்டனில் முதன்முறையாக மக்பெத்தின் மனைவியாகத் தோன்றினார். அப்பாத்திரத்தில் அவருக்கு முன் புகழ்பெற்றவர் பிறிச்சர்ட் அம்மையார். உறக்கத்தில் நடந்துவரும் காட்சியிலே பிறிச்சர்ட் அம்மையார் கையிலுள்ள திரியைக் கீழே வைத்ததில்லை. அதனை மாற்றுதல் பெருந்துணிவாகக் கருதப்படும் என அரங்கின் உரிமையாளரான ஷெரிடன், அன்றிரவு உடைமாற்றும் அறைக்கே வந்து வற்புறுத்தினார். கையிற் படிந்ததாகத் தோன்றும் குருதிக்கறையைக் கழுவுபவளுக்கு இரு கையும் வேண்டுமன்றோ என்பது அம்மையார் கருத்து. அவர் திரியை மேசைமேல் வைத்தார், கைகளைக் கழுவினார். அவையோர் அதனை ஏற்றனர். ஆட்டம் முடிந்தபின் ஷெரிடனே வந்து அவருடைய பிடிவாதத்தைப் பாராட்டினார். அம்மாற்றம் புதுமை விருப்பத்தாற் பிறந்ததன்று, காட்சியை நன்கு கற்றதனாற் பிறந்தது.

பிறிச்சர்ட் அம்மையார் தம் பகுதியையன்றி நாடகம் முழுவதையும் ஒருபோதும் படித்ததில்லை என அறிஞர் ஜோன்சன் கூறினாராம். சிடன்ஸ் அம்மையாரால் அதனை நம்ப இயலவில்லை. முழுமையையும் கல்லாது ஒரு பகுதியை எவ்வாறு விளங்குதல் கூடும் என்பதே அவருடைய வியப்பு. மன்னன் ஜோன் நாடகத்திற் கொன்ஸ்தன்சாக நடிக்குங்கால், தம் காட்சி அல்லாத வேளையிலும் அறைக்கதவைத் திறந்தே வைத்திருப்பார். தம் மகனுடைய உரிமையைக் கைவிட்டு உடன்படிக்கை செய்தோரின் அணிநடை முழக்கம் செவியில் விழவேண்டும், அதனால் எழும் துயரும் சினமும் மேடையேறும் வரை ஆறாதிருத்தல் வேண்டும் என்பது அவர் நோக்கம்.

மக்பெத்தின் மனைவியைக் குறித்து அவர் எழுதிய குறிப்புகள், கம்பெல் என்னும் புலவர் 1834 இல் வெளியிட்ட அவருடைய வரலாற்றிலே அச்சேறின. அவற்றிற் காணப்படும் பெண் நாம் எதிர்பார்ப்பவள் அல்லள். மென்மையும் அழகும் வாய்ந்த, நொய்ய உடலினள். குழந்தைக்குப் பாலூட்டியவள், அவ்வன்பின் இனிமையை அறிந்தவள். உறங்கும் அரசன் தன் தந்தையை ஒத்திருந்தமையால் தானே கொல்ல மாட்டாது திரும்பியவள். பேராசை அவ்வியல்புகளை அழுத்தியதேயன்றி அடியோடு அழித்திலது. அரசி ஆனபின் அவளை வருத்துவது மனச்சான்றே. மக்பெத்து தன் வேதனையை மனைவியிடம் கொட்டி ஆறுதல் பெறுகின்றான், அவளோ தன் வேதனையை எவரிடமும் கூறாது உள்ளடக்குகின்றாள். ஆதலின் அவன் தாங்கி நிற்க, அவள் முறிகின்றாள். இஃது அம்மையார் கண்ட உண்மை. குற்றத்தை அவர் மறைத்தாருமல்லர், குற்றவாளியை மனிதக் கூட்டத்தினின்று விலக்கினாருமல்லர்.

அம்மையார் மேடையிற் காட்டியதோ அச்சமூட்டும் பெருமிதம் எனக் கண்டோர் எழுதியுள்ளனர். ஏட்டில் மெல்லியலாளும் மேடையில் வல்லியலாளுமாக இருவரைப் படைத்தாரோ எனச் சிலர் ஐயுறுவர். நெடிய உருவும் ஆழ்ந்த குரலும் இயற்கை அவருக்கு அளித்தவை, அவற்றை ஒளித்தல் இயலாது. ஆயினும் விருந்துக் காட்சியின் பின் அப்பெருமிதம் தளர்ந்து, உறக்கக் காட்சியில் உயிரொடுங்கிய உருவாய் அவர் தோன்றியபோது, அவையோர் அஞ்சியதோடு இரங்கியும் உள்ளனர். முற்பகுதியின் வன்மையே பிற்பகுதியின் வீழ்ச்சியை ஆழமாக்கிற்று என்பது எமது துணிபு. உள்ளத்து உணர்ச்சி உடலிற் புலப்படுதலைத் தமிழ் நூலோர் மெய்ப்பாடு என்பர். விபுலாநந்த அடிகள் 1926 இல் வெளியான மதங்க சூளாமணியிலே செகசிற்பியாரின் நாடகங்களைத் தமிழ் மரபிற்கு இயைய ஆராய்ந்தமையும் இங்கு நினைவுகூரத்தக்கது.

மேடைக்குப் புறம்பே அம்மையாரின் வாழ்வில் துன்பம் மிகுந்திருந்தது. அவர் பெற்ற மக்கள் எழுவருள் ஐவர் அவருக்கு முன்னரே இறந்தனர். 1803 இல் மூத்த மகள் சாலி நோயுற்று இறந்தபோது, அயர்லாந்தில் நடித்துவிட்டு வீடு நோக்கி வந்துகொண்டிருந்த தாய் அவள் முகத்தைக் காணக் கொடுத்து வைக்கவில்லை. 1808 இல் கொவென்ற் கார்டன் அரங்கு தீக்கிரையாகியதில் அவர் நெடுங்காலம் சேர்த்த ஆடை அணிகளும் அழிந்தன. எனினும் தொழிலை அவர் கைவிட்டாரில்லை.

1812 யூன் 29 ஆம் நாள், புதிதாய் எழுந்த அதே அரங்கில் மக்பெத்தின் மனைவியாகவே விடைபெற்றார். உறக்கக் காட்சி முடிந்ததும் நாடகம் மேலே தொடர அவையோர் இடங்கொடுத்திலர். அவர் சென்றபின் காண்பதற்கு யாது உளது என்பது போன்று எழுந்த ஆரவாரத்தினால் திரை வீழ்ந்தது. 1831 யூன் 8 ஆம் நாள் இலண்டனில் உயிர் நீத்த அவருக்கு, அவரை அடக்கஞ் செய்த படிங்டன் பகுதியிலே 1897 இற் சிலை நிறுவப்பட்டது.

நடிப்பு நடிகரோடு மறையும் கலை. அம்மையாரின் குரலைக் கேட்டோர் எவரும் இன்று இலர். ஆயினும் அவர் கற்ற முறை நமக்கு உரியது. சொல்லை மட்டும் நெட்டுருப் பண்ணிய இளம்பெண் பாத்திரத்தின் உள்ளத்தை ஆராயும் அறிஞராய் வளர்ந்தமை, முழு நூலையும் பன்முறை கற்றதன் பயனாகும். அவல நாடகத்தைப் பயிலும் எம் கல்லூரி இளைஞர், தீர்ப்புக் கூறுமுன் பாத்திரத்தின் பக்கத்திற் சிறிது நேரம் நின்று நோக்குவாராயின், தேர்விற் பெறும் புள்ளியினும் சிறந்ததொன்றைப் பெறுவர். பிழை செய்தாரையும் மனிதராய்க் காணும் அக்கண், கல்லூரி வாயிலைக் கடந்த பின்னரும் வாழ்நாள் முழுதும் வேண்டப்படுவது.