ஐஸ் ஹவுஸ் டியூடரும் நம்ம வீட்டு ஃப்ரீசரும்

மெரினா போனவங்க விவேகானந்தர் இல்லத்தைப் பார்த்திருப்பீங்க. அந்த ஏரியாவுக்கு இன்னைக்கும் ஐஸ் ஹவுஸ்னுதான் பேர். ஏன்னா 1840-களில் அந்தக் கட்டடத்தைக் கட்டினதே ஐஸ் சேமிக்கத்தான். ஐஸ் வந்தது அமெரிக்காவில் இருந்து, கப்பல்ல! அனுப்பினவர் ஃப்ரெடரிக் டியூடர்.

1783-ல் பாஸ்டனில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். ஆனா 13 வயசுலேயே படிப்பை விட்டுட்டார். 1806-ல் குளத்து ஐஸை வெட்டிக் கப்பலில் ஏற்றி, வெயில் கொளுத்துற மார்ட்டினிக் தீவுக்குப் போனார். அப்போ அவருக்கு வயசு 22, கிட்டத்தட்ட நம்ம வயசு. ஊரே சிரிச்சது. ஐஸ் என்னவோ பத்திரமா போய்ச் சேர்ந்தது. ஆனா இறக்கி வைக்க அங்கே கிடங்கு இல்லை. கொஞ்சத்தை ஐஸ்கிரீம் செய்ய வெச்சு வித்துக் காட்டினார். மீதி உருகிப் போச்சு. பெரிய நஷ்டம். கடனுக்காக 1812-லும் 1813-லும் ஜெயிலுக்கே போனார்.

ஆனா மனுஷன் விடலை. பிரச்சினை ஐஸில் இல்லை, அதைச் சுத்தி இருக்கற வெப்பத்தைத் தடுக்கறதுலதான்னு புரிஞ்சுக்கிட்டார். மர ஆலைகளில் வீணாப் போன மரத்தூளைப் போட்டு ஐஸை மூடினார். அவரோட வேலை செய்த நதானியேல் வையத், குதிரை இழுக்கற ஐஸ் கலப்பை ஒண்ணு செய்தார். கட்டிகள் ஒரே அளவில் வந்ததால் இடைவெளி இல்லாம அடுக்க முடிஞ்சது. காத்து படற பரப்பு குறைஞ்சா உருகறதும் குறையும். 1833-ல் கல்கத்தாவுக்குக் கிளம்பின 180 டன்னில், நாலு மாசம் கழிச்சும் சுமார் 100 டன் மிச்சம் இருந்தது. அப்புறம்தான் நம்ம மெட்ராஸ்.

இப்போ உங்க வீட்டு ஃப்ரீசரைத் திறங்க. போன வாரம் வெண்ணெய் மாதிரி இருந்த ஐஸ்கிரீம் இன்னைக்கு நறநறன்னு இருக்கா? டியூடரோட அதே பிரச்சினைதான். ஃபேக்டரியில் வேகமா உறைய வைக்கறதால ஐஸ் படிகங்கள் நாக்குக்கே தெரியாத அளவு சின்னதா இருக்கும். எங்க வள்ளூர்ல மதியம் கரண்ட் போச்சுன்னா, இல்ல நீங்க கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு யோசிச்சீங்கன்னா, சின்னப் படிகங்கள் உருகிடும். மறுபடி குளிர்றப்போ அந்தத் தண்ணி பெரிய படிகங்களோட ஒட்டிக்கும். நறநறப்பு அதுதான். மேற்பரப்பில் ஐஸ் தண்ணியாகாமலே நேரா ஆவியாகி, மூடியில் பனியாப் படியும். காய்ஞ்சு போன அந்த மேல்பகுதிதான் ஃப்ரீசர் பர்ன். சாப்பிட்டா கெடுதல் இல்லை, ருசிதான் போயிடும்.

அதனால டப்பாவைக் கதவுப் பக்கம் வைக்காம உள்ளே தள்ளி வைங்க. மேற்பரப்பை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் தாளை அழுத்திட்டு மூடுங்க. எடுத்ததும் உடனே திருப்பி வைங்க.

டியூடர் நடுவில் காபி வியாபாரத்தில் இறங்கி, 2 லட்சம் டாலருக்கு மேல் கடன்பட்டார். அதையும் ஐஸ் வித்த காசிலேயே அடைச்சு, 1864-ல் பணக்காரரா இறந்தார். 1870-களில் மெட்ராஸிலேயே ஐஸ் தயாரிக்க ஆரம்பிச்சதும் கப்பல் ஐஸுக்கு வேலை இல்லாமப் போச்சு. குளிரை உண்டாக்கறது இப்போ சுலபம். அதை ஏறாம இறங்காம காப்பாத்தறது மட்டும் இன்னைக்கும் கஷ்டம்தான்.