வில்லிபுத்தூரை ஆயர்பாடி ஆக்கிய பெண்

ராஜபாளையத்தில் பஸ் ஏறி மதுரை சாலையில் போனால், சுமார் 12 கிலோமீட்டரில் ஸ்ரீவில்லிபுத்தூர். ஊர் வருவதற்கு முன்பே கோபுரம் கண்ணுக்குத் தெரிந்து விடும். பதினொரு நிலைக் கோபுரம். உயரம் 192 அடி.

பஸ்சை விட்டு இறங்கியதும் பால்கோவா வாசனை வரும். பாலுக்குப் பெயர் போன ஊர் இது. 2019-ம் ஆண்டில் இந்த ஊர்ப் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கூடக் கிடைத்து விட்டது.

பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பெண் இந்த ஊரில் பால் வெள்ளத்தை ஓட விட்டாள். மாடுகளைக் கொண்டு அல்ல. வெறும் வாய்ச் சொல்லைக் கொண்டு! வில்லிபுத்தூரைக் கண்ணன் வளர்ந்த ஆயர்பாடியாக மாற்றினாள். தானும் ஓர் ஆயர் பெண்ணாக மாறினாள். தோழிகளையும் மாற்றினாள்.

அவள்தான் ஆண்டாள்.

அவள் வாழ்ந்த காலம் எது? சுக்கிரன் உதிக்கும் வேளையில் குரு மறைந்ததாக அவள் பாட்டு ஒன்றில் குறிப்பு வருகிறது. அதை வைத்துக் கணக்குப் போட்டு, கி.பி. 731-ம் ஆண்டு என்றார், அறிஞர் மு.இராகவையங்கார். அதற்கும் பிந்தியவள் என்பாரும் உண்டு.

துளசித் தோட்டத்தில்

வில்லிபுத்தூரில் விஷ்ணுசித்தர் என்று ஓர் அடியார் இருந்தார். நந்தவனம் வைத்து, பூப் பறித்து, மாலை கட்டி, வடபத்ரசாயிப் பெருமாளுக்குச் சாத்துவதே அவர் வேலை.

பாண்டிய மன்னன் வல்லபதேவன் சபையில் பெரிய பெரிய பண்டிதர்களை அவர் வென்றார். பொற்கிழி பெற்றார். யானை மீது ஊர்வலம் வந்தார். அப்போது வானத்தில் பெருமாளே தோன்றினாராம். மற்றவர்களாக இருந்தால் வரம் கேட்டிருப்பார்கள். இவரோ, சாமிக்குக் கண் பட்டு விடுமே என்று பயந்து, சாமிக்கே வாழ்த்துப் பாடினார்! அதனால் பெரியாழ்வார் ஆனார்.

ஓர் ஆடி மாதம். பூர நட்சத்திரம். துளசிச் செடிகளுக்கு நடுவே ஒரு பெண் குழந்தை கிடந்தது. பெற்றவர் யாரும் இல்லை. பெரியாழ்வார் வாரி எடுத்தார். கோதை என்று பெயர் வைத்தார்.

அப்பாவின் வேஷம்

கோதை வளர்ந்த வீடு எப்படிப்பட்டது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

பெரியாழ்வார் பாடும்போது பெரியாழ்வாராக இருக்க மாட்டார். யசோதை ஆகி விடுவார். கண்ணனைத் தொட்டிலில் போட்டுத் தாலாட்டுவார். நிலாவைக் கூப்பிட்டு, என் பிள்ளையோடு விளையாட வா என்பார். காது குத்த அழைப்பார். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டக் கெஞ்சுவார். கண்ணேறு கழிப்பார். இப்படிப் பாடிய பாட்டுகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன.

ஆண் பிள்ளை ஒருவர், தாடி மீசையை மறந்து, தாயாகவே பேசுகிறார். கண்ணன் முன்னால் நிற்பது போலவே பேசுகிறார். அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த குழந்தைக்கு, இன்னொருவராக மாறிப் பேசுவது ஒரு பெரிய காரியமா?

கிணற்றில் பார்த்த முகம்

அப்பா கட்டி வைத்த மாலையைக் கோதை தன் கழுத்தில் போட்டுப் பார்ப்பாள். பெருமாளுக்கு நான் பொருத்தமான மணமகள்தானா என்று கிணற்றுத் தண்ணீரில் முகம் பார்ப்பாள். பிறகு ஒன்றும் தெரியாதது போலக் கழற்றிக் கூடையில் வைத்து விடுவாள். அந்தக் கிணறு இது என்று கோவிலில் இப்போதும் காட்டுகிறார்கள். கண்ணாடிக் கிணறு என்று பெயர்.

ஒரு நாள் மாலையில் தலைமுடி இருந்தது. பெரியாழ்வார் துடித்துப் போனார். மகளைக் கடிந்து கொண்டார். வேறு மாலை கட்டினார். அன்று இரவு பெருமாள் கனவில் வந்து, கோதை சூடிய மாலைதான் வேண்டும் என்றார். சூடிக் கொடுத்த சுடர்க்கொடி என்ற பட்டம் அவளுக்கு வந்தது இப்படித்தான்.

விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர், ஆண்டாள் கதையைத் தெலுங்கில் பெரிய காவியமாகப் பாடினார். ஆமுக்தமால்யதா என்பது நூலின் பெயர். சூடிய மாலையைக் கொடுத்தவள் என்பதே அதற்கும் பொருள். ராஜபாளையத்தில் தெலுங்கு பேசும் ராஜுக்கள் நிறைய உண்டு. பக்கத்து ஊர்ப் பெண்ணின் கதை, அவர்கள் தாய்மொழியின் பெருங் காவியங்களில் ஒன்று!

விளையாட்டு தொடங்கியது

அந்தக் காலத்தில் கன்னிப் பெண்கள் மார்கழி மாதம் நோன்பு இருப்பார்கள். பாவை நோன்பு என்பார்கள். விடியுமுன் எழுந்து நீராட வேண்டும். நல்ல கணவன் கிடைக்கவும், நாட்டில் மழை பெய்யவும் வேண்டிக் கொள்ள வேண்டும்.

ஆயர்பாடிப் பெண்கள் கண்ணனை அடைய இப்படி நோன்பு இருந்தார்கள் என்று கதை உண்டு. கோதை அதைப் பிடித்துக் கொண்டாள். அந்தப் பெண்களில் நானும் ஒருத்தி என்று எண்ணினாள். வில்லிபுத்தூர் ஆயர்பாடி ஆயிற்று. பெருமாள் கோவில் நந்தகோபர் மாளிகை ஆயிற்று. உள்ளே பள்ளி கொண்டவர் கண்ணன். உரை எழுதிய பெரியவர்கள் இப்படித்தான் சொல்கிறார்கள். அவள் நடையும் பேச்சும் மட்டும் அல்ல, மேனியின் மணமே மோரும் வெண்ணெயுமாக மாறி விட்டது என்றும் சொல்கிறார்கள்!

திருப்பாவை முப்பது பாட்டு. விளையாட்டு என்றால் விதி வேண்டுமே. அதைத் தொடக்கத்திலேயே சொல்லி விடுகிறாள். நெய் கூடாது. பால் கூடாது. கண்ணுக்கு மை கூடாது. தலைக்குப் பூ கூடாது. கோள் சொல்லக் கூடாது. ஏழைக்கு இல்லை என்னக் கூடாது.

பெருமாள் மாலையையே சூடிப் பார்த்த பெண், பூ வேண்டாம் என்கிறாள்! விளையாட்டில் எவ்வளவு ஆழமாக இறங்கி விட்டாள், பாருங்கள்.

கதவுக்கு உள்ளும் வெளியும்

ஆறாவது பாட்டு முதல் பதினைந்தாவது பாட்டு வரை, வீடு வீடாகப் போய்ப் பத்துப் பெண்களை எழுப்புகிறாள்.

ஒருத்தியிடம், தயிர் கடையும் ஓசை காதில் விழவில்லையா என்கிறாள். இன்னொருத்தியிடம், எருமைகள் பனிப் புல் மேயப் போய் விட்டன என்கிறாள். ஒரு வீட்டில் மாமன் மகள் தூங்குகிறாள். மாமியைக் கூப்பிட்டு, உன் மகள் ஊமையா, செவிடா என்று கேட்கிறாள். இன்னொருத்தியிடம், கும்பகர்ணன் தன் தூக்கத்தை உன்னிடம் கொடுத்து விட்டுப் போனானா என்று கேலி பேசுகிறாள். ஒரு வீட்டு வாசலில், எருமைகள் தானாகச் சொரிந்த பாலால் சேறாகிக் கிடக்கிறது. மற்றவர்களை நான் வந்து எழுப்புவேன் என்று வீரம் பேசியவள் ஒருத்தி. அவளும் எழுந்திருக்கவில்லை!

முதலில் எழுப்பும் பெண்ணிடம், கோவிலில் சங்கு ஊதுகிறதே என்கிறாள். இது ஆயர்பாடிக் கோவிலா, வில்லிபுத்தூர்க் கோவிலா? எனக்கென்னவோ, மார்கழி விடியலில் அவள் காதில் நிஜமாகவே விழுந்த சங்குதான் பாட்டுக்குள் போய் விட்டது என்று தோன்றுகிறது.

பதினைந்தாவது பாட்டு முழுதும் பேச்சு. கதவுக்கு வெளியே ஒரு கூட்டம். உள்ளே ஒருத்தி. இன்னுமா தூக்கம் என்று வெளியே இருந்து கேட்கிறார்கள். சத்தம் போடாதீர்கள், இதோ வருகிறேன் என்கிறாள் உள்ளே இருப்பவள். உன் வாய் எங்களுக்குத் தெரியாதா என்கிறார்கள். நீங்கள்தான் வாய்க்காரிகள் என்று சொன்னவள், சரி, நானாகவே இருக்கட்டும் என்று விட்டுக் கொடுக்கிறாள். எல்லாரும் வந்து விட்டார்களா என்று கேட்கிறாள். வந்து நீயே எண்ணிப் பார்த்துக் கொள் என்று பதில் வருகிறது.

யார் பேசுகிறார்கள் என்று எங்கும் சொல்லவில்லை. ஆனாலும் கேட்பவருக்குக் குழப்பம் வராது. கதவு தெரிகிறது. பனி தெரிகிறது. உள்ளே இருப்பவளின் சோம்பல் கூடத் தெரிகிறது.

எழுத்து விளையாட்டு

இந்தக் காலத்துப் பிள்ளைகள் இதை எளிதில் புரிந்து கொள்வார்கள். 1978-ம் ஆண்டில் இங்கிலாந்தில், எசெக்ஸ் பல்கலைக்கழக மாணவர் ராய் டிரப்ஷா ஒரு கணினி விளையாட்டை எழுதினார். பெயர் மட். பிறகு ரிச்சர்டு பார்ட்டில் என்ற மாணவர் அதை வளர்த்தார்.

அதில் படம் கிடையாது. எழுத்து மட்டுமே. திரையில் இருட்டுக் குகை என்று எழுத்து வந்தால், ஆடுகிறவர் மனத்தில் குகை வந்து விட வேண்டும். பலர் பல இடங்களில் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு புனைபெயரில் ஒரே குகைக்குள் நடமாடுவார்கள். ஒருவர் தட்டச்சு செய்வது மற்றவர் திரையில் பேச்சாக வரும்.

நடுவில் ஒருவர் நாளைய பரீட்சையைப் பற்றிப் பேசினால் போதும். குகை மறைந்து விடும். விடுதி அறை வந்து விடும். அதனால், வேஷத்தில் பேசும் பேச்சையும் சொந்தப் பேச்சையும் பிரித்து வைக்கும் வழக்கம், இத்தகைய விளையாட்டுகளில் பின்னர் ஏற்பட்டது.

கோதைக்கு இது அப்போதே தெரிந்திருந்தது. இருபத்தொன்பது பாட்டுகளில் அவள் தன் பெயரைச் சொல்லவில்லை. ஊரின் பெயரையும் சொல்லவில்லை. வாயிற் காப்போனிடம் கெஞ்சுகிறாள். நப்பின்னையை எழுப்புகிறாள். கண்ணனிடம், நாங்கள் மாடு மேய்த்து உண்ணும் அறியாப் பெண்கள் என்கிறாள். முப்பதாவது பாட்டில்தான் வேஷத்தைக் கழற்றுகிறாள். புதுவை ஊர்ப் பட்டர்பிரானின் கோதை சொன்னது இது என்று, தன் பெயரையும் ஊரையும் அப்பாவையும் சொல்லி முடிக்கிறாள்.

கனவில் கல்யாணம்

வேஷத்தைக் கழற்றினாள். ஆனால் மனம் திரும்பி வரவில்லை. நாச்சியார் திருமொழி என்று அவள் பாடிய 143 பாட்டுகளைப் படித்தால் அது தெரியும்.

மணலில் சிறு வீடு கட்டி, அதைச் சிதைக்காதே என்று கண்ணனிடம் கெஞ்சுகிறாள். கண்ணை மூடி மணலில் வட்டம் போட்டு, அவன் வருவானா என்று குறி பார்க்கிறாள். குயிலிடமும் மேகத்திடமும் தூது சொல்கிறாள். சங்கைப் பார்த்து, அவன் வாய் எப்படி மணக்கும் என்று கேட்கிறாள். ஆயிரம் யானை சூழ வந்து அவன் தன்னை மணப்பதாகக் கனவு காண்கிறாள். மனிதருக்கு என்னைப் பேசினால் உயிரோடு இருக்க மாட்டேன் என்கிறாள்.

அழகர் மலைப் பெருமாளுக்கு நூறு பெரிய பாத்திரத்தில் வெண்ணெயும், நூறு பாத்திரத்தில் அக்காரவடிசிலும் நேர்ந்து கொண்டாள். தலைமுறைகள் பல கடந்த பின், 1017-ம் ஆண்டில் பிறந்த ராமானுஜர் அந்தக் கடனைத் தீர்த்தார். பிறகு அவர் வில்லிபுத்தூருக்கு வந்தபோது, சந்நிதியில் இருந்து ஆண்டாள் அவரை அண்ணா என்று அழைத்தாளாம். தங்கை சொன்னதை அண்ணன்தானே செய்ய வேண்டும்!

வெறும் வீடு

மகள் வளர்ந்து விட்டாள். மாப்பிள்ளை பார்க்க வேண்டும். பெண்ணோ பெருமாளைத் தவிர வேறு பெயர் சொல்ல மறுக்கிறாள். எந்தத் தகப்பனுக்குத்தான் கலக்கம் வராது? பெரியாழ்வார் கோவில் கோவிலாகப் பெருமாள்களின் பெருமையைச் சொன்னார். ஸ்ரீரங்கத்து அரங்கன் பெயரைக் கேட்டதும் கோதை முகம் மலர்ந்தது.

அரங்கனே கனவில் உத்தரவு கொடுத்தான் என்பார்கள். பல்லக்கு வந்தது. வில்லிபுத்தூரில் இருந்து மேளதாளத்தோடு புறப்பட்டார்கள். ஸ்ரீரங்கத்தில் கோதை சந்நிதிக்குள் நடந்து போனாள். அரங்கன் பள்ளி கொண்ட பாம்பணை மீது ஏறினாள். பிறகு அவளை யாரும் பார்க்கவில்லை.

பெரியாழ்வார் தனியாக ஊர் திரும்பினார்.

அவர் பாட்டுகளில் ஒரு பகுதி உண்டு. மகளைப் பறி கொடுத்த ஒரு தாய் புலம்புகிறாள். எனக்கு இருந்தது ஒரே மகள், கண்ணன் கொண்டு போய் விட்டான், வீடு வெறுமையாகி விட்டது என்கிறாள். புகுந்த வீட்டில் நந்தகோபன் மருமகளைக் கொண்டாடுவானோ, யசோதை அவளை அன்பாக நடத்துவாளோ என்று கவலைப்படுகிறாள். அந்த மகளின் பெயர் பாட்டில் இல்லை. ஆனால் படிப்பவர்கள் அது கோதைதான் என்று நினைத்துக் கண் கலங்குகிறார்கள்.

கண்ணனுக்குத் தாயாகப் பாடியவர், கடைசியில் கண்ணனுக்குப் பெண் கொடுத்த தாயாகப் பாடினார். நந்தவனத்தில் பூப் பறித்து, மாலை கட்டி, கூடையில் வைத்தார். அதைச் சூடிப் பார்க்க இப்போது வீட்டில் ஆள் இல்லை.