திறந்து பார்த்தவர்



நாற்பதாம் ஆண்டு சந்திப்பு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு, பழைய கதையானாலும் பரவாயில்லை என்று நம் சங்கச் செயலாளர் தொலைபேசியில் கேட்டுக்கொண்டார். எனக்கு எழுத்து வராது என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் ஒரு மனிதரைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகு நாளாக ஆசை. கோவை ஜி.டி. நாயுடு அவர்களைப் பற்றித்தான். அவரை நான் நேரில் பார்த்ததில்லை. என்றாலும் நாம் மூன்றாம் ஆண்டு படித்த கோடை விடுமுறையில், வீரபாண்டியில் எங்கள் வீட்டுப் புளியமரத்தடியில், எனக்குப் பாடம் நடத்தியவர் அவர்தான் என்று சொல்வேன்.

சொந்த அவமானத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் கல்லூரி நூலகத்துக்கு வந்த அமெரிக்கப் பத்திரிகைகள் உங்களுக்கு நினைவிருக்கும். பானெட்டைத் துளைத்துக்கொண்டு சூப்பர்சார்ஜர் எட்டிப் பார்க்கும் மசில் கார் படங்களை வாயைப் பிளந்துகொண்டு பார்ப்போம். அங்கே ஆட்கள் அதை வீட்டுக் கொட்டகையிலேயே மாட்டுகிறார்கள் என்று படித்ததும் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. என் மாமாவிடம் ஒரு பழைய பெட்ரோல் ஜீப் இருந்தது. போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலியாட்களை ஏற்றிப் போகும் வண்டி. முந்தல் தாண்டி போடிமெட்டு ஏற்றத்தில் மூச்சுத் திணறும். அதற்கு நாமே ஒரு சூப்பர்சார்ஜர் மாட்டினால் என்ன?

பழைய இரும்புக் கடையில் ஒரு டீசல் இன்ஜினின் ப்ளோயர் கிடைத்தது. உள்ளே எட்டு வடிவத்தில் இரண்டு உருளைகள் எதிரும் புதிருமாகச் சுழன்று காற்றைத் தள்ளும். அமெரிக்காவில் ரூட்ஸ் சகோதரர்கள் 1860-ல் காப்புரிமை வாங்கிய அமைப்பு அது. முதலில் உலைகளுக்குக் காற்றடிக்கத்தான் பயன்பட்டது. பிறகுதான் மோட்டார் வண்டிக்கு வந்தது. லேத்தில் புல்லி கடைந்து, பிராக்கெட் வெல்டிங் வைத்து, கிராங்கிலிருந்து பெல்ட் போட்டு, கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் அதை உட்கார வைத்தேன். பதினோரு நாள் வேலை. பன்னிரண்டாம் நாள் வண்டி ஏற்றத்தில் சீறிக்கொண்டு கிளம்பியது. மூன்றாவது வளைவு வரைக்கும்தான். அப்புறம் கடகடவென்று தட்டல், வெள்ளைப் புகை. ஹெட் கேஸ்கட் போச்சு. சீசன் நேரத்தில் மாமாவுக்கு மூன்று வாரம் ஓட்டம் போச்சு. அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்னும் வலிக்கிறது.

இன்ஜினைப் பிரிக்க வந்தவர் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணன். ஹெட்டைக் கழற்றித் தரையில் வைத்து, மேலே இரும்பு ஸ்கேலை நிறுத்திக் காட்டினார். நடுவில் வெளிச்சம் தெரிந்தது. ஹெட் முன்பே வளைந்திருக்கிறது. நான் ஒரு தடவை திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். காற்றை அழுத்திக் கொடுத்தால் அதற்கேற்ப பெட்ரோலும் கூட வேண்டும், ஸ்பார்க் டைமிங்கைப் பின்னுக்குத் தள்ள வேண்டும், இல்லாவிட்டால் இன்ஜின் தட்டும் என்பதெல்லாம் நான் பரீட்சையில் முழு மதிப்பெண் வாங்கிய பாடம். கார்புரேட்டரில் ஒரு ஜெட்டைக்கூட நான் மாற்றவில்லை. வால்வைத் தேய்த்துக்கொண்டே அண்ணன் எனக்கு ஜி.டி. நாயுடு கதையைச் சொன்னார். அப்போது நாயுடு மறைந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. பின்னால் நானும் தேடிப் படித்து, கேட்டு, தெரிந்துகொண்டதைச் சேர்த்துச் சொல்கிறேன்.

கோவைக்குப் பக்கத்தில் கலங்கல் என்ற கிராமத்தில் 1893 மார்ச் 23-ம் தேதி, ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் நாயுடு. பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. மூன்றாம் வகுப்போடு சரி. ஒரு நாள் அந்தப் பக்கம் வந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் ஓடுகிற வண்டி! அதை வாங்கியே தீருவது என்று கோவைக்குப் போய் ஓட்டலில் சப்ளையராக வேலை பார்த்தார். காசு சேர்த்து, அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார்.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. வாங்கியதும் ஊரைச் சுற்றி வரவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. வண்டியைப் பிரித்துப் போட்டார். ஒவ்வொரு பாகமும் எதற்கு, எதோடு எது சேர்கிறது என்று பார்த்துப் பார்த்து, திரும்பவும் பூட்டினார். சொல்லிக் கொடுக்க ஆசிரியர் இல்லை. அந்த ஒரு வண்டிதான் அவருடைய கல்லூரி. ஜீப்பைத் திறந்தே பார்க்காமல் அதன் தலையில் ப்ளோயரை ஏற்றிய எனக்கு இதைக் கேட்டபோது எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்.

வாழ்க்கை அவருக்கும் நேராகப் போகவில்லை. பஞ்சு வியாபாரத்தில் நன்றாகச் சம்பாதித்து, பம்பாய்ப் பருத்திச் சந்தையில் அத்தனையையும் இழந்தார். ஆனாலும் 1920-ல், கோவை ஸ்டேன்ஸ் துரையின் உதவியோடு ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார். அதுதான் வளர்ந்து யூ.எம்.எஸ். என்ற பெரிய போக்குவரத்து நிறுவனம் ஆனது. பிறகு தொழிற்சாலை. 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து, உள்நாட்டிலேயே தயாரான முதல் மின்மோட்டாரைப் பீளமேட்டில் கொண்டுவந்தார். உலர் மின்கலத்தில் ஓடும் சவர ரேசர், பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, ஓட்டுப் பதிவு இயந்திரம் என்று பட்டியல் நீளும். 1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று காட்டினார். 1952-ல் இரண்டு பேர் போகும் பெட்ரோல் காரை 2,000 ரூபாய் விலையில் செய்தார். அரசாங்கம் அதைத் தயாரிக்க உரிமம் தரவில்லை. பருத்திச் செடியையும் பப்பாளியையும்கூட அவர் விட்டுவைக்கவில்லை.

நம்மைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டிய கட்டம் 1945. அந்த ஆண்டு கோவையில், அப்போதைய கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தொடங்கக் காரணமாக இருந்தவர் நாயுடு. அந்தக் கல்லூரிதான் இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி. மூன்றாம் வகுப்பு படித்தவர் அதற்கு முதல்வராகவும் இருந்தார். பொறியியலுக்கு நான்கு வருஷம் எதற்கு, கையால் செய்து கற்றால் பாதிக் காலம் போதும் என்பது அவர் கட்சி. அரசாங்கம் சம்மதிக்கவில்லை. அவர் பதவியை விட்டு விலகினார். 1974 ஜனவரி 4-ம் தேதி காலமானார். அவினாசி சாலையில் 2015-ல் திறக்கப்பட்ட கார் அருங்காட்சியகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கோவை போகிறவர்கள் பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டுங்கள்.

நான்கு வருஷம் வேண்டாம் என்ற அவர் வாதத்தை நான் முழுக்க ஒப்புக்கொள்ளவில்லை. இன்ஜின் ஏன் தட்டியது என்று பின்னால் கணக்குப் போட்டுப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது நம் கல்லூரிப் பாடம்தான். நாயுடுவுக்கே ரட்ஜ் வண்டியோடு அவருடைய பிடிவாதமும் தேவைப்பட்டது. அது எல்லாருக்கும் வாய்க்காது. ஆனால் திறந்து பார்க்காதவன் கையில் அந்தப் பாடம் வெறும் காகிதம்தான் என்பதை மூன்றாவது வளைவிலேயே கற்றுக்கொண்டேன். அன்று அண்ணனோடு உட்கார்ந்து ஹெட்டைச் சமன் செய்து, புது கேஸ்கட் போட்டு, ஒவ்வொரு போல்ட்டாகச் சொந்தக் கையால் முறுக்கினேன். ப்ளோயரைத் திரும்ப மாட்டவில்லை. ஜீப் பழையபடியே மூச்சிரைத்துக்கொண்டு மெட்டு ஏறியது. அடுத்த சித்திரையில் கௌமாரியம்மன் திருவிழாவுக்கு மாமா அதில்தான் எங்களை ஏற்றிக்கொண்டு போனார்.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பத்தோடு முடித்துக்கொள்கிறேன். ஒவ்வொரு சந்திப்பிலும் நாம் கல்லூரிக்கு ஏதாவது அன்பளிப்பு தருகிறோம். இந்த வருஷம் நாற்காலியும் கேடயமும் வேண்டாம். நல்லதாக ஒரு பழைய இன்ஜினும் ஒரு செட் ஸ்பேனரும் வாங்கிக் கொடுப்போம். அதற்கு மதிப்பெண் கிடையாது, பரீட்சை கிடையாது. எந்த மாணவனும் எந்த மாணவியும் பிரித்துப் போடலாம், திரும்பப் பூட்டலாம், பூட்டத் தெரியாமல் விழிக்கலாம். என் பங்கை இந்தக் கட்டுரையோடு அனுப்பிவிட்டேன்.

மற்றவை சந்திப்பில். எல்லோரும் தவறாமல் வாருங்கள். வாழ்க நம் கல்லூரி!