மணலுக்குள்ள 42 வருஷம்: பாரி தாமஸும் பேப்ஸும்

மெக்கானிக்கல் மக்களே, இந்த மாசம் ஒரு இன்ஜினியர் கதை.

ஜான் காட்ஃப்ரே பாரி தாமஸ் 1885-ல் வேல்ஸில், ரெக்ஸ்ஹாம் என்ற ஊரில் பிறந்தார். லண்டனில் இன்ஜினியரிங் படிச்சு, லேலண்ட் மோட்டார்ஸில் சீஃப் இன்ஜினியர் ஆனார். நம்ம அசோக் லேலண்ட் பேரில் இருக்கிற அதே லேலண்ட் தான். அங்கே லேலண்ட் எய்ட்னு ஒரு சொகுசுக் காரை டிசைன் பண்ணினார். அப்புறம் வேலையை விட்டுட்டு, ப்ரூக்லண்ட்ஸ் ரேஸ் டிராக்கிலேயே குடியேறிட்டார்.

1924-ல் இறந்துபோன ரேஸ் வீரர் ஒருத்தரோட பழைய காரை 125 பவுண்டுக்கு வாங்கினார். உள்ளே இருந்தது 27 லிட்டர், 12 சிலிண்டர் விமான இன்ஜின். அதை மாத்தி அமைச்சு பேப்ஸ்னு பேர் வச்சார். 1926 ஏப்ரலில் வேல்ஸின் பென்டைன் கடற்கரையில் மணிக்கு சுமார் 275 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி உலக சாதனை படைச்சார். அடுத்த பிப்ரவரியில் மால்கம் கேம்பெல் அதே கடற்கரையில் அதை முறியடிச்சார். மார்ச் 3, 1927 அன்னைக்கு சாதனையைத் திரும்பப் பிடிக்கப் போனப்ப கார் கவிழ்ந்து பாரி தாமஸ் இறந்தார். வயசு 41. காரை அங்கேயே மணலில் புதைச்சுட்டாங்க. சக்கரத்தை ஓட்டுற செயின் அறுந்து அவரை அடிச்சதுன்னு தான் ஊரே நம்பியது.

1969-ல் ஓவன் வின் ஓவன் என்ற இன்ஜினியரிங் விரிவுரையாளர் அந்தக் காரைத் தோண்டி எடுத்தார். 42 வருஷம் உப்பு மணலில் கிடந்த காரில் எந்த நட்டு சும்மா கழலும்? துரு, இரும்பை விட அதிக இடம் எடுக்கும். மரைக்குள்ள இருக்கிற சின்ன இடைவெளியை அடைச்சு இறுக்கிடும். அலுமினியமும் இரும்பும் ஒட்டியிருக்கிற இடத்தில் உப்புத் தண்ணி பட்டா, அதுவே ஒரு பேட்டரி மாதிரி வேலை செஞ்சு அலுமினியத்தைத் தின்னுடும்.

இதுக்குப் பலம் உதவாது. ஸ்பேனரில் பைப் மாட்டி மிதிச்சா போல்ட்டுத் தலை தான் முறியும். மெல்லிசா ஊடுருவுற எண்ணெயை விட்டு ஒரு ராத்திரி ஊற வைக்கணும். நட்டைச் சுத்தி சூடு காட்டினா அது விரிஞ்சு துருவோட பிடி விடும். சுத்தியலால் லேசா தட்டணும். முதல்ல கொஞ்சம் இறுக்கிட்டு, அப்புறம் தளர்த்தி, கால் சுத்து முன்னே, கால் சுத்து பின்னேன்னு போகணும். அசையலைன்னா மறுபடியும் எண்ணெய், மறுபடியும் சூடு.

அதுவும் பேப்ஸ் மாதிரி காரில் ஒவ்வொரு பாகமும் ஒரு சாட்சி. அவசரத்தில் உடைச்சா, உடைஞ்சது 1927-லயா இல்ல நம்ம கையாலயான்னு யாராலயும் சொல்ல முடியாது.

ஓவன் சுமார் 15 வருஷம் உழைச்சு அந்தக் காரைத் திரும்ப ஓட வச்சார். மண்ணிலிருந்து வந்த பாகங்களைப் பார்த்த பிறகு செயின் கதை மேலயே சந்தேகம் வந்தது. பின் சக்கரம் தான் முதலில் உடைஞ்சிருக்கணும்னு ஒரு கருத்து வலுத்தது. சாகும்போது பாரி தாமஸ் ஓட்டின காரே, அவர் எப்படி இறந்தார்ங்கிற கேள்வியைத் திரும்பத் திறந்து வச்சிடுச்சு.